ஏழாவது வலையின் முறை

திங்கள் வந்தது. செவ்வாய் வந்தது. புதன், வியாழன், வெள்ளி, சனி எல்லாம் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒழுங்காக வந்து இறங்கின. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சிவப்பு எழுத்தில் பிழை என்றும் வரவில்லை, முடிந்தது என்றும் வரவில்லை. லப்டொப்பின் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. நான் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, ஞாயிறு இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வவுனியாவில் ஒரு கடைத்தெருக் கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் புரோகிராம் எழுதும் வகுப்பு நடந்தது. கீழே சைக்கிள் திருத்தும் கடை, மேலே ஜாவா. உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்துவிட்டு, "இனி ஐடி தான் பிள்ளை" என்று ஊரெல்லாம் சொன்னதை நம்பி வந்து மாட்டிக்கொண்டவள் நான். அந்த "இனி ஐடி தான்" என்று சொன்னவர்களில் ஒருவருக்காவது ஐடி என்றால் என்னவென்று தெரிந்திருந்ததா என்று பின்னர் பலமுறை யோசித்திருக்கிறேன். யோசித்து என்ன பயன், கட்டணம் கட்டியாயிற்று.

எனக்கு முதலில் முட்டுக்கட்டையாக நின்றது வேரியபிள். "வேரியபிள் எண்டால் ஒரு பெட்டி. அதுக்குள்ள ஒரு பெறுமதியைப் போட்டு வைக்கலாம்" என்று படிப்பிக்கிற சேர் சொன்னார். பெட்டி என்றவுடன் எனக்கு மீன் பெட்டிதான் கண்ணுக்குள் வந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில் எப்போதும் நாலைந்து கிடக்கும். அதற்குள் மூன்று பாரை கிடக்கும்போது இன்னும் ஐந்தைப் போட்டால் எட்டுப் பாரை. இதில் விளங்க என்ன இருக்கிறது? ஆனால் ஜாவாவில் மூன்று இருந்த பெட்டிக்குள் ஐந்தைப் போட்டேன், ஐந்துதான் வந்தது. முதல் போட்ட மூன்று மீனும் எங்கே என்று சேரிடம் கேட்டேன். வகுப்பே சிரித்தது. நான் பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

அடுத்தது லூப். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதை ஒருமுறை எழுதிவிட்டால் அது தானாகச் சுற்றும் என்றார் சேர். சுற்றியது, ஆனால் கூட்டுத்தொகை மட்டும் கூடவே இல்லை. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கடைசிச் சுற்றின் தொகைதான் வந்தது. அரைநாள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த பிறகுதான், தொகைக்கான பெட்டியை நான் லூப்புக்கு உள்ளேயே திறந்திருக்கிறேன் என்று தெரிந்தது. ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கடைசியில் ஏன் மீன் இல்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே வந்த கோபத்தில் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் நெடுங்கேணிக்காரி. அவளுடைய தாத்தா காலத்தில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், இப்போது வயலும் கச்சான் கடலையுமாக இருக்கிறார்கள். இருவரும் ஒரே வீட்டில் அறை எடுத்திருந்தோம். அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்காமல் இருப்பதைப் பற்றி அவளுக்கு வெட்கம் கிடையாது. "எனக்கு வெளங்கலைங்க சேர், இன்னொருவாட்டி சொல்லுங்க" என்று கையை உயர்த்திக் கேட்பாள். நான் அவள் கேட்கட்டும் என்று காத்திருந்து அந்த இரண்டாம் விளக்கத்தில் பாதியைப் பிடித்துக்கொள்வேன்.

பருவ முடிவில் சேர் ஒரு வேலை தந்தார். "உங்கட ஊரில திரும்பத் திரும்ப நடக்கிற ஒண்டை எடுத்து லூப்பா எழுதிக்கொண்டு வாங்கோ." அவள் தங்கள் குளத்து வாய்க்காலில் வயல்களுக்குத் தண்ணீர் விடும் முறையை எடுத்தாள். நான் எங்கள் கரைவலை முறையை எடுத்தேன்; வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற வலை அது.

எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கரையில், கொக்கிளாய்ப் பக்கம். எங்கள் கரையில் வலை வளைக்கக்கூடிய துண்டு ஒன்றுதான், வலைகள் ஏழு. எல்லோரும் ஒரே நாளில் வளைத்தால் வலையோடு வலை சிக்கும், அதைவிட வேகமாக ஆளோடு ஆள் சிக்கும். ஆகவே நாளுக்கு ஒரு வலை என்று முறை வைத்திருக்கிறார்கள். ஏழாவது வலை முடிய மறுபடி முதலாவது வலை. எங்களுடையது கத்தோலிக்க ஊர். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் இறங்குவதில்லை, கோயிலுக்குப் போகும் நாள். ஞாயிறில் விழுகிறவரின் முறை வீண்போகாது, அப்படியே காத்திருந்து திங்களுக்கு வரும். "ஞாயிறு எண்ணுறேல்லை" என்று எங்கள் ஊரில் சிறுபிள்ளையும் சொல்லும்.

ஏழு வலைகளில் ஒன்று எங்களுடையது. போன மாரியில் அப்பா நோயில் படுத்து எழும்பாமலே போய்விட்டார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு வலைக்காரர் சங்கத்தில் கதை தொடங்கியது. ஒரு பெண் கரையில் நின்று வலை நடத்துவதா, கயிறு இழுக்கிற ஆம்பிளையள் அவா சொல்லைக் கேட்பார்களா என்றார்கள். அப்பாவின் தம்பிக்கும் ஒரு வலை உண்டு. "அண்ணியின்ரை முறையை என்ரையோட சேர்த்து விடுங்கோ, வாற மீனில பங்கு குடுக்கிறன்" என்று சித்தப்பா சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நான் நினைத்தேன். அம்மா மறுத்துவிட்டார். கடைசியில் சங்கம் ஒரு முடிவு சொன்னது: இந்தப் பருவம் அம்மா நடத்திப் பார்க்கலாம். முறைப்படி வலை இறங்கினால் முறை அவருக்கே. இறங்காவிட்டால் அது சித்தப்பாவின் வலையோடு சேரும். பரீட்சைக்கு நிற்கிற வலை என்பதால் வரிசையில் கடைசி இடம்.

அம்மாவுக்கு அந்த வலைதான் எல்லாம். அதற்குள் அப்பா இருக்கிறார் என்றெல்லாம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "என்ரை வலையை நான் ஏன் குடுக்கவேணும்?" என்று மட்டும் கேட்டார். 

இந்த முறையைத்தான் நான் ஜாவாவில் எழுதினேன். ஏழு வலைக்காரரின் பெயர்களையும் வரிசையாகப் போட்டேன், ஏழாவதாக அம்மாவின் பெயர். நாள் என்று ஒரு வேரியபிள் வைத்தேன். ஞாயிறு என்றால் ஒன்றும் எழுதாமல் தாண்டு, மற்ற நாள் என்றால் வலையை எழுதி நாளை ஒன்றால் கூட்டு. எழுதும்போதே எனக்கு அது எங்கள் ஊர்ப் பேச்சுப் போல அழகாகக் கேட்டது. ஓட்டினேன். சனி வரைக்கும் வந்து அது நின்றுவிட்டது.

நெடுங்கேணிக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னா புள்ள, தொங்கிப் போச்சா?"

"ஞாயிறில நிக்குதடி. ஞாயிறு எண்ணுறேல்லை எண்டு எழுதினனான், சரியாத்தான் எழுதியிருக்கிறன்."

அவள் என் வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம நீங்க கடலுக்குப் போகலன்னா, திங்கக்கெழம வராதா?"

எனக்கு அந்தக் கேள்வி விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. நாளைக் கூட்டுகிற வரி, தாண்டுகிற வரிக்குக் கீழே இருந்தது. ஞாயிறு வந்ததும் புரோகிராம் தாண்டியது, நாளைக் கூட்டாமலே மேலே போனது, மேலே போய்ப் பார்த்தால் மறுபடியும் ஞாயிறு. எண்ணாத நாள் என்று நான் சொன்னதை அது அப்படியே நம்பி, உலகம் முடியும் வரைக்கும் ஞாயிறிலேயே இருந்துவிடத் தயாராக இருந்தது. கூட்டுகிற வரியைத் தாண்டுகிற வரிக்கு மேலேயும் ஒருமுறை எழுதினேன். சனிக்குப் பிறகு திங்கள் வந்தது. நாங்கள் இருவரும் கத்திய கத்தலில் கீழே சைக்கிள் கடைக்காரர் படியில் ஏறி வந்து பார்த்தார்.

வலையைத் தேர்ந்தெடுக்க நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தேன். நாளை ஏழால் வகுத்து மீதியை எடுத்தால் கிழமை தெரியும் என்று சேர் காட்டியிருந்தார். வலையும் ஏழுதானே, அதே மீதியை வலைக்கும் வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஒரு வேரியபிள், இரண்டு வேலை. சேருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. "சுருக்கமா எழுதியிருக்கிறீர், நல்லது" என்றார். திரையில் கிழமைகளும் பெயர்களும் வரிசை பிசகாமல் ஓடுவதைப் பார்த்து, ஓடுது, சரி என்று நல்ல புள்ளி போட்டார். நானும் அது ஓடுகிறதா என்றுதான் பார்த்தேன். யார் வருகிறார்கள் என்று பார்க்கவில்லை.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அம்மா கோயிலில் சொல்லியிருக்கிறார். அடுத்த நாளே சங்கச் செயலாளர் எனக்கு அழைத்தார். "தங்கச்சி, வருசா வருசம் இந்த ஞாயிறுப் பிரச்சினையால சண்டைதான். ஆரின்ரை முறை திங்களுக்குப் போகுது எண்டு ஆளுக்கொரு கதை. உம்மடை கம்ப்யூட்டரால போட்டு குறூப்புக்கு அனுப்பிவிடும், இந்த முறை அதையே வைச்சு நடத்துவம்." சங்கத்துக்கு என்று ஒரு தொலைபேசிக் குழு இருந்தது. அப்பா இறந்த பிறகு அவருடைய இலக்கத்தை எடுத்துவிட்டு என்னைச் சேர்த்திருந்தார்கள். அம்மாவிடம் இருந்தது பொத்தான் அமுக்குகிற பழைய போன், அதில் குழு ஒன்றும் வராது.

கடல் அடங்கியிருந்தது, வருகிற திங்கள் தொழில் தொடங்குவதாக இருந்தது. வியாழக்கிழமை திரையைப் படம் பிடித்துக் குழுவுக்கு அனுப்பினேன். உடனே கட்டைவிரல்கள் வரத் தொடங்கின. முதல் விரல் சித்தப்பாவுடையது. மாலைக்குள் ஆறு வலைக்காரரும் விரல் காட்டிவிட்டார்கள். செயலாளர் கைகூப்புகிற ஒரு படமும் போட்டார். எனக்கு அன்று நிலத்தில் கால் படவில்லை.

வெள்ளி பின்னேர பஸ்ஸில் ஊருக்குப் போனேன். நெடுங்கேணிக்காரி வழியில் இறங்கிக்கொண்டாள். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா முற்றத்தில் வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தார்.

"எங்க, வாசி பாப்பம் உன்ரை கம்ப்யூட்டர் போட்டதை" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் போனைப் பிடித்துக்கொண்டு பெருமையாக வாசித்தேன். திங்கள் இன்னார், செவ்வாய் இன்னார் என்று சனி வரைக்கும் போய், மறு திங்களுக்கு முதலாவது பெயரையே திரும்ப வாசித்தேன்.

"நில்" என்றார் அம்மா. "எங்கடை வலை?"

நான் கீழே தேடினேன். அடுத்த வாரத்தில் இல்லை. அதற்கடுத்த வாரத்திலும் இல்லை. படத்தை விரலால் பெருப்பித்து மேலிருந்து கீழ்வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். ஆறு பெயர்கள் மட்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அம்மாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. 

அம்மா ஊசியை வலையில் குத்தி வைத்தார். "எங்களை விட்டிட்டு உன்ரை கையாலயே எழுதுவிச்சுப் போட்டாங்களோ?"

"இல்லையம்மா, சத்தியமா ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. உங்கடை பேர் உள்ளுக்கு இருக்கு. ஏன் வருகுதில்லை எண்டு எனக்கு விளங்கேல்லை. ஏதோ என்ரை பிழைதான்."

"உன்ரை பிழையெண்டா, பாத்த ஆறு பேரும் ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

 அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். உள்ளே சட்டிகள் வைக்கும் சத்தம் வழமையைவிடக் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

சனி விடிந்ததும் லப்டொப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். அம்மாவின் பெயர் ஏழாவதாக அப்படியே இருந்தது. எழுத்துப் பிழையா என்று பார்த்தேன், இல்லை. எத்தனை பெயர் இருக்கிறது என்று புரோகிராமிடமே கேட்டேன், ஏழு என்றது. ஏழு பேரைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஆறு பேரைத்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்தது. ஒருவேளை எண்ணத் தொடங்குகிற இடம் பிழையோ என்று பூச்சியத்தை ஒன்றாக்கினேன். முதலாவது பெயர் தள்ளிப்போனது, அம்மா வரவில்லை. மீதிக்கு ஒன்றைக் கூட்டிப் பார்த்தேன். அம்மாவின் பெயர் சனிக்கு வந்தது. பார்த்தால் முதலாவது பெயர் எங்குமே இல்லை. யாரையாவது ஒருவரை விழுங்காமல் அந்தப் புரோகிராமுக்கு நாள் போகாது போலிருந்தது.

பிறகு எதையோ மாற்றப்போய்ச் சிவப்பு எழுத்துகள் திரை நிறைய வந்து விழுந்தன. எனக்கு நம்பமுடியாத நிம்மதி. சிவப்பு எழுத்து என்றால் ஜாவா வாய் திறந்து, பிள்ளை இந்த வரியில் பிழை விட்டிருக்கிறாய் என்று சொல்கிறது. இவ்வளவு நாளும் அந்தச் சிவப்பைக் கண்டால் லப்டொப்பை மூடிவிடுவேன். ஆனால் வாயே திறக்காமல் பிழையாக ஓடுகிற புரோகிராமோடு எப்படிச் சண்டை பிடிப்பது? மாற்றியதைத் திரும்ப எடுத்தேன், சிவப்புப் போனது, பழையபடி ஆறு பேரும் அமைதியாக வந்து நின்றார்கள்.

மத்தியானம் ஆகிவிட்டது. சேருக்கு அழைத்தேன், போன் எடுபடவில்லை. நெடுங்கேணிக்காரிக்கு அழைத்தேன். அவள் கச்சான் பிடுங்கிய இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் உழவு இயந்திரச் சத்தம்.

"வரிவரியா வாசி புள்ள" என்றாள்.

வாசித்தேன். அவளுக்கும் பிழை பிடிபடவில்லை. "சரியாத்தான இருக்கு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா கேட்டதைச் சொன்னேன். இந்தத் திங்கள் தொழில் தொடங்குகிறது, அம்மாவின் முறை வராமலே பருவம் போனால் வலை போய்விடும், போக்கியது நானாக இருப்பேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"அழுவாத. எனக்கு ஒண்ணு சொல்லு. ஒங்க முறை எப்ப நிக்கும்?"

"ஞாயிறில நிக்கும். திங்கள் திரும்பத் தொடங்கும்."

"எங்க வாய்க்கால்லயும் அப்புடித்தான். மழ பெஞ்சா யாருக்கும் தண்ணி வேணாம், முறை நிக்கும். மழ விட்டதும் யார்கிட்ட நின்னுச்சோ அவங்ககிட்டருந்து தொடங்கும். ஆனா நாள் நிக்காதே. நாள் அதுபாட்டுக்குப் போகும். நான் ரெண்டு வேரியபிள் வச்சிருந்தேன், நாளுக்கு ஒண்ணு, முறைக்கு ஒண்ணு. நீ ஒண்ணுதான வாசிச்ச?"

நான் திரையைப் பார்த்தேன். நாள் என்ற ஒரே பெட்டியில் இருந்துதான் கிழமையையும் வலையையும் எடுத்திருந்தேன். கிழமையும் ஏழு, வலையும் ஏழு. கிழமை நகர வலையும் கூடவே நகர்ந்திருக்கிறது, ஒரு பொழுதும் விலகவில்லை. திங்கள் என்றால் எப்போதும் முதலாவது வலை, சனி என்றால் எப்போதும் ஆறாவது வலை. கடைசி வலைக்கு விழுந்த கிழமை ஞாயிறு. ஒவ்வொரு வாரமும் அம்மாவின் முறை ஞாயிறில் வந்திருக்கிறது, ஒவ்வொரு ஞாயிறையும் நான் தாண்டச் சொல்லியிருக்கிறேன். சேர் மெச்சிய கெட்டிக்காரத்தனம் இதுதான்.

முதல் தடவை ஞாயிறில் நாளை நிற்பாட்டி வைத்தேன், புரோகிராம் தொங்கியது. அதைத் திருத்தப்போய் நாளோடு சேர்த்து முறையையும் நடக்க வைத்தேன், அம்மா விடுபட்டுப் போனார். எங்கள் ஊரில் யாருடைய முறை என்று சண்டை வரும், ஆனால் யாருக்கும் இந்தக் குழப்பம் வராது. ஞாயிறு எண்ணுவதில்லை என்று சொல்லும்போது முறையை எண்ணுவதில்லை என்றுதான் எல்லோருக்கும் விளங்கும். நாளை எண்ணாமல் விட யாரும் நினைப்பதில்லை. அதை நான் மனதால் அறிந்திருந்தேன், ஜாவாவில் எழுதும்போது மட்டும் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் அது எப்படி என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

முறை என்று இரண்டாவது பெட்டியைத் திறந்தேன், இந்தத் தடவை லூப்புக்கு வெளியே. நாள் ஒவ்வொரு சுற்றிலும் கூடும், முறை வலை இறங்குகிற நாளில் மட்டும் கூடும். ஓட்டினேன். சனிக்குப் பிறகு ஞாயிறு தாண்டி, மறு திங்களுக்கு நேரே அம்மாவின் பெயர் வந்தது. அதற்கடுத்த சுற்றில் அவருக்குச் செவ்வாய் வந்தது. நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு ஆங்கில எழுத்துகளில் தன் பெயர் மட்டும் தெரியும். அதைத் திரையில் விரல் வைத்துத் தொட்டுப் பார்த்தார்.

"நாளைக்குக் கோயில் முடியச் சொல்லுவம்" என்றார். "நீதான் சொல்லவேணும்."

ஞாயிறு பூசை முடிந்ததும் வலைக்காரர் எல்லோரும் கோயில் வளவில் வேப்பமரத்தடியில் கூடினார்கள். நான் எழுந்து, நான் அனுப்பியது பிழை, இரண்டு வேரியபிள் வைக்க வேண்டிய இடத்தில் ஒன்று வைத்துவிட்டேன், அதனால் ஏழாவது வலை விடுபட்டுப் போனது, இதுதான் சரியானது என்று வாசித்தேன். வேரியபிள் என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. ஏழாவது வலை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

 சித்தப்பா சிரித்துக்கொண்டு சொன்னார். "நானும் பாத்தனான் பிள்ளை, ஆறு பேர்தான் கிடந்தது. கம்ப்யூட்டர் போட்டதுதானே, அது கணக்குப் பாத்துத்தான் போட்டிருக்கும் எண்டு விட்டிட்டன்."

"ஓம், எனக்கும் அப்பிடித்தான் பட்டது" என்றார் இன்னொருவர், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

 சித்தப்பாதான் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கினவர். நான் வகுப்பில் சேரப் போன அன்று மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பஸ்ஸில் விட்டவரும் அவர்தான். உண்மையாகவே கம்ப்யூட்டரை நம்பித்தான் விட்டாரா? ஜாவா பிழையை மறைக்கவில்லை, அதற்குப் பிழை என்றே தெரியாது. தெரிந்தவர்கள் விரல் காட்டினார்கள். அவருடைய முகத்தைப் பார்த்தேன், வழமையான முகமாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அம்மா எழுந்து முந்தானையைச் சரிசெய்தார். செயலாளரைப் பார்த்து, "அப்ப வாற திங்களில்லை, மற்றத் திங்கள் எங்கடை முறை. ஓமோ?" என்று கேட்டார்.

"ஓம், ஓம். அதிலை ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா" என்றார் செயலாளர் அவசரமாக.

வவுனியாவுக்குத் திரும்பியதும் சேரிடம் போய் என் புரோகிராம் பிழை என்று சொன்னேன். அவர் பழையதையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுவும் ஓடுது, அதுவும் ஓடினது. புள்ளி போட்டாச்சு, இனி மாத்தேலாது" என்றார். எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது பிழையான புரோகிராமுக்குத்தான். சரியானதற்கு யாரும் புள்ளி போடவேயில்லை.

அம்மாவின் திங்கள் வந்தபோது வகுப்புக்குப் போகாமல் ஊரில் நின்றேன். விடிய முன்னரே அம்மா கரையில் நின்றார், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு. வள்ளம் வலையை வளைத்துக்கொண்டு திரும்பி வந்தது. இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் பிடித்தார்கள். அம்மா ஒரு பக்கத்துக்குக் கையைக் காட்டினால் அந்தப் பக்கம் இழுத்தார்கள், நில் என்றால் நின்றார்கள். சொல்லைக் கேட்பார்களா என்று சங்கத்தில் பெரிதாகக் கேட்டவர்கள் அன்று கரைக்கு வரவில்லை.

சித்தப்பா மட்டும் வந்தார். மற்றவரின் முறை நாளில் வலைக்காரர் வந்து கயிறு பிடிப்பது எங்கள் கரையில் வழக்கமில்லை. அவர் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் சேர்ட்டைக் கழற்றி வள்ளத்தில் போட்டுவிட்டு, இடப்பக்கக் கயிற்றின் முன்தலைக்குப் போய்ப் பிடித்துக்கொண்டார். குதிகாலை மணலில் ஊன்றி, அன்று கரையில் நின்ற எல்லோரையும்விடப் பலமாக இழுத்தார். வெயில் ஏறியும் விடவில்லை. குற்றம் உறுத்தி வந்தாரா, அண்ணனின் வலை என்று வந்தாரா, வலை இறங்குகிறதா என்று பார்க்க வந்தாரா, எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருந்தது, அவருடைய முதுகில் வியர்வை ஓடுவதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

வலையின் மடி, மீன் சேர்கிற பை, கரையை நெருங்கியது. தண்ணீருக்குள் வெள்ளி வெள்ளியாக மினுங்கத் தொடங்கியது. நான் அம்மாவின் பக்கத்தில் போய் நின்று, சத்தமில்லாமல் கேட்டேன்.

"சித்தப்பா ஏனம்மா வந்து இழுக்கிறார்?"

அம்மா வலையின் மடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இழுக்கட்டும். ஏழு வரைக்கும் எண்ணத் தெரிஞ்ச மனிசன்தானே" என்றார். பிறகு வலப்பக்கத்தாரைப் பார்த்து, "ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள், இழுங்கோ" என்று கையைக் காட்டினார்.